பிரிண்டுக்குப் போகும் முன்: டிராயிங் ரிவிஷனுக்கு எந்த முறை சரிவரும்?

மார்க்கிங் முடிந்திருந்தது. மறுநாள் காலையில் குழி வெட்ட ஜேசிபிக்குச் சொல்லியாகிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் சைட்டில் நின்று பார்த்தபோது சி7 தூணின் ஃபுட்டிங் செவ்வகம் சுண்ணாம்புக் கோட்டில் குறுக்கே கிடந்தது. 230க்கு 450 அளவுள்ள தூண் அது. நீளப் பக்கம் ஒன்பது இஞ்ச் சுவரோடு ஓடி மறைந்துவிட வேண்டும். அந்தக் கோட்டின்படி எழுப்பினால் தூண் ஹாலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும்.

மேஸ்திரியிடம் இருந்த, தூண்களின் இடத்தைக் காட்டும் சென்டர் லைன் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் ரிவிஷன் கட்டத்தில் ஆர்1. என் பையில் இருந்த ஷீட்டிலும் ஆர்1. ஷீட் நம்பரும் ஒன்றே, ரிவிஷன் தேதியும் ஒன்றே. சி7 மட்டும் இரண்டிலும் வேறு வேறு திசையில் இருந்தது.

எங்கள் ஆபீசில் ஒவ்வொரு தளத்துக்கும் அடிப்படை பிளானை ஒரே ஃபைலாக வைத்து, மற்ற ஷீட்டுகளில் அதை எக்ஸ்ரெஃப் ஆக, அதாவது நகல் எடுக்காமல் இணைப்பாக, இழுத்துக்கொள்வோம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தூணைத் திருப்பச் சொன்னார். அடிப்படை ஃபைலில் திருப்பினோம். தரைத்தள பிளானுக்கு ஆர்2 போட்டு அனுப்பினோம். சென்டர் லைன் ஷீட்டை யாரும் திறக்கவே இல்லை. ஆனால் அதற்குள்ளும் தூண் தானாகத் திரும்பிவிட்டது. இரண்டு வாரம் கழித்து வேறு ஏதோ தேவைக்காக அந்த ஷீட்டை மறுபடி பிரிண்ட் எடுத்தபோது, பழைய நம்பரோடு புதிய டிராயிங் வெளியே வந்தது. அதுதான் என் பையில் இருந்தது. மேஸ்திரியிடம் இருந்தது அதற்கு முந்தையது.

அரை நாள் மறு மார்க்கிங்கோடு தப்பித்தோம். ஆனால் அன்றிலிருந்து ரிவிஷன் முறைகளை எடைபோட நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். ஓரிடத்தில் திருத்தினால், அதனால் மாறிப்போன மற்ற ஷீட்டுகள் எவை என்று இந்த முறை எனக்குக் காட்டிக்கொடுக்குமா? நம்பரை எப்படி எழுதுவது, கட்டத்தை எங்கே வைப்பது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

டிரேசிங் தாளில் ராட்ரிங் பேனாவால் வரைந்த காலத்தில் இந்தத் தொல்லை இந்த உருவத்தில் இல்லை. மூலத் தாள் ஒன்றே ஒன்று. பிளேடால் சுரண்டித் திருத்தி, அம்மோனியா பிரிண்ட் எடுப்பார்கள். பிளானில் தூணைத் திருப்பியவர் சென்டர் லைன் தாளில் திருப்ப மறந்தால் அந்தத் தாள் பழையதாகவே இருக்கும். அதன் நம்பரும் பழையதாகவே இருக்கும். தாள் தப்பாக இருக்கலாம், ஆனால் நம்பர் பொய் சொல்லாது. ஒரு தாள் இன்னொரு தாளை அதற்குத் தெரியாமல் மாற்றும் வசதியும் ஆபத்தும் கம்ப்யூட்டரோடு வந்தவை.

சரி, இன்று நம் முன்னால் உள்ள வழிகளைப் பார்க்கலாம். நான்கைந்து பேர் வேலை செய்யும், வீடுகளும் சின்ன வணிகக் கட்டடங்களும் செய்யும் ஆபீஸை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஃபைலையே நகல் எடுத்துவைப்பது

பெரும்பாலானோர் தொடங்குவது இங்கேதான். தரைத்தளம் ஆர்1, தரைத்தளம் ஆர்2 என்று ஒவ்வொரு முறையும் ‘சேவ் ஆஸ்’. கொஞ்ச நாளில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் கிளையன்ட் சொன்னது’ என்று ஃபோல்டர் நிரம்பிவிடும்.

இந்த முறைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நகல் எடுத்த ஃபைல் உறைந்துபோகிறது. எல்லாமே அந்த ஒரே ஃபைலுக்குள் இருக்கும்வரை, ஆர்1 எப்படி இருந்தது என்று ஒரு வருஷம் கழித்துத் திறந்தாலும் அப்படியே இருக்கும். தனியாள் ஆபீசில், எட்டுப் பத்து ஷீட் உள்ள வேலைக்கு இதை நான் குறை சொல்ல மாட்டேன்.

எக்ஸ்ரெஃப் வந்தவுடன் இந்தக் குணம் போய்விடும். அடிப்படை பிளானின் பெயரை ஆர்2 என்று மாற்றினால், எலக்ட்ரிக்கல் ஷீட் இன்னும் ஆர்1ஐத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஷீட்டாகத் திறந்து வழியை மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தால் போதும், பாத்ரூம் கதவு மாறியிருக்கும், சுவிட்ச் போர்டு பழைய கதவுக்குப் பின்னால் நிற்கும். என் கேள்விக்கு இந்த முறையிடம் பதில் இல்லை.

டைட்டில் பிளாக்கும் ஒரு பதிவேடும்

பெரிய சாஃப்ட்வேர் எதுவும் கேட்காத முறை இது. நான் அதிகம் மதிப்பதும் இதைத்தான். ஆட்டோகேட்டின் டிராயிங் ஃபைலான டிடபிள்யூஜியின் பெயர் கடைசிவரை மாறாது. ஏ-101 என்றால் ஏ-101 மட்டும்தான். ரிவிஷன் ஷீட்டின் மூலையில் உள்ள விவரக் கட்டமான டைட்டில் பிளாக்கிலேயே எழுதப்படும்: நம்பர், தேதி, என்ன மாறியது, யார் சரிபார்த்தது. மாறிய இடத்தைச் சுற்றி ரெவ்கிளவுட் என்ற மேக வடிவக் கோடு, பக்கத்தில் நம்பர் போட்ட முக்கோணம். அடுத்த ரிவிஷன் வரும்போது பழைய மேகங்களை எடுத்துவிட்டு முக்கோணங்களை மட்டும் விட்டுவைப்போம். எல்லா மேகங்களையும் வைத்திருந்தால் ஆர்4 வருவதற்குள் ஷீட் முழுக்க மேகமாகி, புதிதாக மாறியது எது என்று சைட்டில் யாருக்கும் தெரியாது.

‘என்ன மாறியது’ என்ற வரியில் சோம்பல் கூடாது. ‘திருத்தங்கள்’ என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். ‘சி7 திருப்பப்பட்டது, டபிள்யூ3 ஜன்னலின் சில் உயரம் 900இலிருந்து 1050’ என்று எழுதினால் சூப்பர்வைசர் அந்த இரண்டு இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

டிடபிள்யூஜி பெயர் மாறக் கூடாது என்றேன். பிடிஎஃப் பெயரில் மாறியே ஆக வேண்டும். சைட்டுக்கு டிராயிங் போவது இன்று வாட்ஸ்அப் வழியாகத்தான். சூப்பர்வைசரின் ஃபோனில் ஏ-101 என்ற ஒரே பெயரில் நான்கு ஃபைல் கிடந்தால், மேலே தெரிவதைத்தான் அவர் திறப்பார். அது கடைசியாக வந்ததாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஏ-101-ஆர்2 என்று இருந்தால் திறக்காமலே தெரிந்துவிடும்.

இந்த முறைக்கு உயிர் கொடுப்பது பதிவேடு. எக்ஸெல்லில் ஒரு பக்கம் போதும். இடது ஓரத்தில் எல்லா ஷீட் நம்பர்களும் வரிசையாக இருக்கும். மேலே ஒவ்வொரு முறை டிராயிங் வெளியே போகும் தேதியும் ஒரு பத்தி. கட்டத்துக்குள் அந்தத் தேதியில் அந்த ஷீட்டின் ரிவிஷன். மாறாத ஷீட்டுக்கும் பழைய நம்பரையே மறுபடி எழுத வேண்டும், காலியாக விடக் கூடாது. அப்படி எழுதும்போது ஒவ்வொரு ஷீட்டைப் பற்றியும் ‘இது உண்மையிலேயே மாறவில்லையா’ என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கும். சி7 விஷயத்தில் நாங்கள் யோசிக்காமல் விட்டது அந்த ஒரு நொடிதான். ஷீட் நம்பருக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியும் வைத்திருக்கிறோம்: அந்த ஷீட் எந்தெந்த அடிப்படை ஃபைல்களை இழுக்கிறது. தரைத்தள ஃபைலைத் தொட்டால், வடிகட்டிப் பார்த்தவுடன் மாறியிருக்கக்கூடிய ஷீட்டுகள் எல்லாம் வந்து நிற்கும்.

நம்பர் முறையைப் பற்றி இரண்டு விஷயம். கிளையன்டோடு பேசிக்கொண்டிருக்கும் கட்டத்துக்கு எழுத்தும், கட்டுமானத்துக்கு என்று ஜிஎஃப்சி முத்திரை வைத்துக் கொடுத்த பிறகு எண்ணும் வைத்தால், ஏ, பி, சி பார்த்தவுடனே ‘இதை வைத்துக் கட்டக் கூடாது’ என்று தெரியும். ஐஎஸ்ஓ 19650 தரநிலையைப் பிரிட்டனில் பின்பற்றுகிறவர்கள் பி01, சி01 என்று பிரிப்பதும் இதே எண்ணத்தில்தான். எழுத்து வைத்தால் ஐ, ஓ இரண்டையும் தாண்டிவிடுங்கள், 1 என்றும் 0 என்றும் படிக்கப்படும். அமெரிக்காவின் ஏஎஸ்எம்இ ஒய்14.35 தரநிலை இவற்றோடு க்யூ, எஸ், எக்ஸ், இசட் நான்கையும் சேர்த்தே விலக்கிவைக்கிறது.

இன்னொன்று அப்ரூவல் டிராயிங். கட்டட அனுமதி தரும் அரசு அமைப்புகளான டிடிசிபிக்கோ சிஎம்டிஏவுக்கோ கொடுத்து, தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி அனுமதி வாங்கிய செட்டை ஒர்க்கிங் டிராயிங்கின் ரிவிஷன் வரிசையோடு கலக்கவே கூடாது. அதற்குத் தனி ஷீட் நம்பர், தனி ஃபோல்டர் வேண்டும். முத்திரை விழுந்த பிளான் முத்திரை விழுந்தபடியே இருக்க வேண்டும்.

குறை என்ன? எல்லாம் மனிதக் கையில் இருக்கிறது. முப்பது ஷீட்டில் தேதியை மாற்றும்போது ஒன்றில் விட்டுப்போகும். பதிவேட்டில் ஆர்3 என்றும் ஷீட்டில் ஆர்2 என்றும் இருக்கும். நாற்பது ஷீட்டைத் தாண்டினால் இது அடிக்கடி நடக்கிறது என்பது என் அனுபவம்.

ஷீட் செட் மேனேஜர்

ஆட்டோகேட் 2005 பதிப்பிலிருந்தே இது இருக்கிறது. இருபது வருஷமாக இருந்தும் நம் பக்கத்தில் இதைத் திறந்துகூடப் பார்க்காத ஆபீஸ்கள் நிறைய. அதுபோன்ற இன்னொரு சாஃப்ட்வேரான பிரிக்ஸ்கேட்டிலும் ஷீட் செட் வசதி உண்டு.

எல்லா ஷீட்டுகளின் பட்டியலும் ஒரு டிஎஸ்டி ஃபைலில் இருக்கும். ஷீட் நம்பர், தலைப்பு, ரிவிஷன் நம்பர், ரிவிஷன் தேதி எல்லாம் அங்கே எழுதப்படும். டைட்டில் பிளாக்கில் ஃபீல்டு, அதாவது தானாக நிரம்பும் எழுத்து, வைத்துவிட்டால் அது அங்கிருந்து படித்துக்கொள்ளும். முதல் பக்கத்து ஷீட் பட்டியலும் அதே இடத்திலிருந்து வரும் என்பதால் பட்டியலில் ஒன்று, ஷீட்டில் ஒன்று என்ற பேச்சு இல்லை. பிரிண்டுக்குப் போக வேண்டிய ஷீட்டுகளைத் தேர்ந்து, அந்தத் தேர்வுக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமித்து, ஒரே பப்ளிஷில் பிடிஎஃப் எடுக்கலாம். ஆர்கைவ் கட்டளை அந்த நாளின் எல்லா ஃபைல்களையும், எக்ஸ்ரெஃப் உட்பட, ஒரே கட்டாகக் கட்டி வைத்துவிடும். நகல் எடுப்பதில் இருந்த அந்த ஒரு நல்ல குணம், உறைந்துபோகும் குணம், இங்கே எக்ஸ்ரெஃப்போடும் கிடைத்துவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இப்போதைய ரிவிஷன் நம்பர் மட்டும்தான் ஷீட் செட்டில் நிற்கும். முந்தைய வரிகள், ஆர்1இல் என்ன மாறியது என்ற வரலாறு, இன்னும் டைட்டில் பிளாக்கில் கையால்தான். டிஎஸ்டி இல்லாமல் ஒற்றை டிடபிள்யூஜியை மட்டும் கன்சல்டன்டுக்கு அனுப்பினால் ஃபீல்டுகள் சரியாக வராமல் போகலாம். பழகாத டிராஃப்ட்ஸ்மேன் ஃபீல்டின் மேலேயே நேராக டைப் செய்துவிட்டால் தொடர்பு அறுந்துவிடும், அதற்கப்புறம் யாரும் கவனிக்க மாட்டார்கள். அடிப்படை ஃபைல் மாறியதால் எந்த ஷீட் மாறியது என்ற என் கேள்விக்கும் ஷீட் செட் தானாகப் பதில் சொல்லாது. நம்பர் தப்பாக விழுவதை மட்டும் தடுக்கும்.

ரெவிட்

கட்டடம் முழுவதையும் ஒரே முப்பரிமாண மாடலாக அமைக்கும் ரெவிட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஒரே மாடல். தூணைத் திருப்பினால் பிளான், செக்‌ஷன், எலிவேஷன், அளவுப் பட்டியல் எல்லாவற்றிலும் அந்த நொடியே திரும்பிவிடும். ஆனால் நாம் வரையும் மேகம் வரைந்த வியூவில் மட்டும்தான் இருக்கும். மாடல் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறதோ, அவ்வளவு அமைதியாக மற்ற ஷீட்டுகள் மாறுகின்றன.

ரிவிஷன் பட்டியல் புராஜெக்டுக்கு ஒன்றாக ஓரிடத்தில் இருக்கும். ஒரு ரிவிஷனைச் சேர்ந்த மேகம் எந்த ஷீட்டில் விழுகிறதோ அந்த ஷீட்டின் டைட்டில் பிளாக்கில் அந்த வரி தானாக வந்துவிடும். ‘இஷ்யூட்’ (வெளியே போனது) என்ற பெட்டியை டிக் செய்தால் அந்த ரிவிஷன் பூட்டிக்கொள்ளும். அதற்குப் புதிய மேகம் சேர்க்கவோ எழுதியதை மாற்றவோ முடியாது. டிக்கை எடுத்தால் திறந்துவிடும் என்பது வேறு விஷயம். ஆனாலும் கைதவறி மாற்றுவது நின்றுபோகும். மேகமே இல்லாத ஷீட்டுக்கும் ‘ரிவிஷன்ஸ் ஆன் ஷீட்’ என்ற இடத்தில் போய் ரிவிஷனைச் சேர்க்கலாம். தானாக மாறிய ஷீட்டுகளுக்கு இதுதான் மருந்து, தெரிந்தவர்கள் குறைவு.

நம்பரிடுவதில் ரெவிட் இரண்டு வழி தருகிறது: புராஜெக்ட் வாரியாக, ஷீட் வாரியாக. இதை வேலை தொடங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும், பாதியில் மாற்றினால் ஏற்கெனவே வெளியே போன நம்பர்களெல்லாம் மாறிப்போகும். புராஜெக்ட் வாரியாக வைத்தால் ஆர்4 என்பது எல்லா ஷீட்டிலும் ஒரே தேதியைக் குறிக்கும், நமக்குக் கணக்கு சுலபம். ஆனால் ஒரு ஷீட் ஆர்1இலிருந்து நேராக ஆர்4க்குத் தாவும். மேஸ்திரி ஃபோன் செய்து ‘சார், ஆர்2ம் ஆர்3ம் எனக்கு வரவே இல்லையே’ என்பார், அவர் கேட்பது நியாயம். ஷீட் வாரியாக வைத்தால் ஒவ்வொரு ஷீட்டிலும் 1, 2, 3 என்று ஒழுங்காக ஓடும். ஆனால் பழைய ரிவிஷன் ஒன்றைப் பின்னால் அந்த ஷீட்டில் சேர்த்தாலோ எடுத்தாலோ அதற்குப் பிறகு வந்த நம்பர்கள் நகர்ந்துவிடும். சைட்டோடு நேரடியாகப் பேசும் சின்ன ஆபீசுக்கு ஷீட் வாரிதான் சரி என்பது என் முடிவு. கன்சல்டன்ட் நிறைய இருக்கும் பெரிய வேலைக்குப் புராஜெக்ட் வாரி.

டிராயிங் வெளியே போகும் ஒவ்வொரு நாளும் மாடலை டிட்டாச் செய்து, அதாவது மூல ஃபைலின் தொடர்பை அறுத்து, ஒரு நகல் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். மாடலுக்குள் நேற்றைய ஷீட் கிடையாது, இன்றையது மட்டும்தான்.

கிளவுட் ஃபோல்டர்

கூகுள் டிரைவில் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறதே, அதுவே போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. போதாது. டிடபிள்யூஜி, பிடிஎஃப் போன்ற ஃபைல்களின் பழைய பதிப்புகளை, நாம் ‘எப்போதும் வைத்திரு’ என்று குறிக்காவிட்டால், 30 நாளுக்குப் பிறகோ நூறு பதிப்பைத் தாண்டினாலோ அது அழித்துவிடக்கூடும். அதோடு, சேமித்த ஒவ்வொரு முறையும் ஒரு வெர்ஷன்தான். வெளியே போனது எது என்று அதற்குத் தெரியாது. ஆட்டோடெஸ்க் டாக்ஸ் போன்றவை இதற்கென்றே செய்யப்பட்டவை, புதிய ஷீட்டை ஏற்றினால் பழையதன் மேல் அடுத்த பதிப்பாக உட்காரும். ஆனால் கான்ட்ராக்டரும் அதில் இருந்தால்தான் பலன். மேஸ்திரி வாட்ஸ்அப்பில் இருக்கும்வரை நாம் அதற்குப் பணம் கட்டுவது வீண் என்றே நினைக்கிறேன்.

எதைத் தேர்ந்தாலும் ஒப்பிட்டுப் பார்ப்பது

இத்தனை முறைகளில் எதுவும் என் கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பதிவேடு ‘மாறியிருக்கலாம்’ என்று சொல்கிறது. ‘மாறிவிட்டது’ என்று சொல்ல, கடைசியாக வெளியே போன பிடிஎஃப்பையும் இன்று போகப்போகிற பிடிஎஃப்பையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். திருத்தியதாக நாம் நினைக்கும் ஷீட்டை மட்டும் பார்த்தால் பயனில்லை, செட் முழுவதையும் பார்க்க வேண்டும்.

ப்ளூபீம் ரெவு என்ற பிடிஎஃப் சாஃப்ட்வேரில் இரண்டு பிடிஎஃப்பை வெவ்வேறு நிறத்தில் மேலடுக்கிக் காட்டும் வசதி இருக்கிறது. ஆட்டோகேட் 2019இலிருந்து டிடபிள்யூஜி கம்பேர் இருக்கிறது. இரண்டு டிராயிங்கிலும் உள்ளது சாம்பல் நிறத்தில், ஒன்றில் மட்டும் உள்ளது பச்சையிலோ சிவப்பிலோ தெரியும். என் ஓட்டு பிடிஎஃப் ஒப்பீட்டுக்குத்தான். சைட் பார்க்கப்போவது பிடிஎஃப்பை. லேயர் அணைந்திருந்தாலும், வ்யூபோர்ட் (ஷீட்டில் டிராயிங் தெரியும் ஜன்னல்) நகர்ந்திருந்தாலும், பிளாட் ஸ்டைல் (கோட்டின் தடிமன், நிற அமைப்பு) தப்பாக இருந்தாலும் அங்கேதான் தெரியும். இரண்டு சாஃப்ட்வேரும் இல்லையென்றால் இரண்டு ஏ3 பிரிண்டை ஜன்னல் கண்ணாடியில் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஏ1 ஷீட்டை ஏ3இல் எடுத்தால் நீளம் சரியாகப் பாதியாகிறது, 1:50 என்பது 1:100 ஆகப் படிக்கும். எழுத்து சிறியதாக இருந்தாலும் தூண் திரும்பியிருப்பது கண்ணில் பட்டுவிடும்.

நான் எதை எடுத்துக்கொள்வேன்

ஆட்டோகேட்டில் நாற்பது ஷீட்டுக்குள் முடியும் வேலைக்கு: மாறாத ஃபைல் பெயர், டைட்டில் பிளாக், பதிவேடு. ஷீட் செட் அமைப்பதற்குச் செலவாகும் முதல் இரண்டு நாளை இதில் மிச்சம் பிடிக்கலாம். நாற்பதைத் தாண்டினாலோ, ஒரே டெம்ப்ளேட்டில் வருஷத்துக்கு ஏழெட்டு வேலை வந்தாலோ ஷீட் செட்டுக்குப் போய்விடுவேன், பதிவேட்டை விடாமல். ரெவிட்டில் இருப்பவர்கள் அதற்குள் இருப்பதையே பயன்படுத்துங்கள், தனியாகக் கையால் ரிவிஷன் வரி எழுதும் பழக்கத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம். கிளவுட் தளம் கிளையன்டோ கான்ட்ராக்டரோ கேட்டால் மட்டும்.

பிரிண்ட் அன்று எங்கள் ஆபீசில் நடப்பது இதுதான். காலையில் ஃபைல்களைத் தொடுவது நிறுத்தப்படும். செட் முழுவதும் பிடிஎஃப் ஆகும், பழைய செட்டோடு ஒப்பிடப்படும். மாறியதாகத் தெரிந்த ஒவ்வொரு ஷீட்டுக்கும் நம்பர் ஏறியிருக்கிறதா, மேகம் இருக்கிறதா என்று வரைந்தவர் அல்லாத இன்னொருவர் மஞ்சள் ஹைலைட்டரோடு ஏ3இல் பார்ப்பார். எதிர்பாராத ஷீட் ஒன்று மாறியிருந்தால் அதற்கு நம்பர் ஏற்றி, ‘அடிப்படை பிளான் மாற்றத்தால்’ என்று வரி எழுதுவோம். அப்புறம்தான் ஏ1. தாளோடு போகிறவர் சைட்டில் இருக்கும் பழைய ஷீட்டை வாங்கி, டைட்டில் பிளாக் இருக்கும் மூலையைக் கத்தரித்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மூலை இல்லாத தாளை மேஸ்திரி சிமெண்டு மூட்டைக்கு மேல் விரித்துக்கொள்ளலாம், அளவு பார்க்க எடுக்க மாட்டார். பதிவேட்டில் அந்தத் தேதியின் பத்திக்குக் கீழே ‘மூலை வந்தது’ என்று ஒரு டிக் விழுந்த பிறகுதான் அந்த டிராயிங் வெளியீடு முடிந்ததாகக் கணக்கு.